சூப்பர்ஹீரோ படங்களுக்கு ஆஸ்கர் பரிந்துரை தகுமா? வாக்குச்சீட்டுக் கணக்கும் மூன்று படங்களும்

2009 பிப்ரவரி 22-ஆம் தேதி ஆஸ்கர் விழாவை நாம் ரஹ்மானுக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். 'ஸ்லம்டாக் மில்லியனர்' அன்று எட்டு விருதுகளை அள்ளியது. இரண்டு ரஹ்மானுக்கு. ஒலிக்கலவைக்கான விருது ரசூல் பூக்குட்டிக்கும் அவரோடு பணியாற்றிய இருவருக்கும். அந்த ஒலிக்கலவைப் போட்டியில் தோற்ற படங்களில் ஒன்று 'தி டார்க் நைட்'. எட்டுப் பரிந்துரைகளோடு வந்த அந்த பேட்மேன் படம் இரண்டு விருதுகளோடு வீடு திரும்பியது: ஜோக்கர் என்ற வில்லனாக நடித்த, மறைந்த ஹீத் லெட்ஜருக்குத் துணை நடிகர் விருது, ரிச்சர்ட் கிங்குக்கு ஒலித்தொகுப்பு விருது. ஆனால் சிறந்த படத்துக்கான ஐந்து பெயர்களில் அதன் பெயர் இல்லை. சூப்பர்ஹீரோ படங்களுக்கு விருதுத் தகுதி உண்டா என்ற வாதம் அதற்கு முன்பும் இருந்தது. சூடு பிடித்தது அந்த ஆண்டில்தான்.

இந்த வாதத்தில் வழக்கமாக இரண்டு குரல்கள் கேட்கும். உலகமே பார்த்த படத்துக்கு விருது கொடுக்காமல் வேறு எதற்குக் கொடுப்பது என்பது ஒன்று. இதெல்லாம் சினிமாவே இல்லை என்பது மற்றொன்று. 2019-இல் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி மார்வெல் படங்களை கேளிக்கைப் பூங்காவோடு ஒப்பிட்டபோது இரண்டாவது குரலுக்குப் பெரிய பலம் கிடைத்தது. இரண்டு குரல்களும் ஒரே இடத்தில் தவறுகின்றன. ஆஸ்கர் என்பது ஒரு படத்துக்கு மொத்தமாகப் போடும் மதிப்பெண் அல்ல. ஒவ்வொரு கைத்தொழிலுக்கும் தனித்தனியாகப் போடும் ஓட்டு. ஆகவே தகுதியையும் பிரிவு பிரிவாகத்தான் கேட்க வேண்டும்.

ஓட்டு எப்படி விழுகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பரிந்துரைச் சுற்றில் நடிப்புக்கு நடிகர்கள், படத்தொகுப்புக்கு எடிட்டர்கள், உடைக்கு உடை வடிவமைப்பாளர்கள் என்று அந்தந்தத் தொழில்காரர்களே வாக்களிக்கிறார்கள். சிறந்த படத்துக்கு மட்டும் ஆஸ்கரை வழங்கும் அகாடமியின் எல்லா உறுப்பினர்களும் பரிந்துரைக்கலாம். 2022-இல் நம் சூர்யாவுக்கு அகாடமியின் அழைப்பு வந்ததே, அது நடிகர் பிரிவுக்கு. அந்தப் பிரிவில் இருப்பவர் நடிப்புக்கும் சிறந்த படத்துக்கும் பெயர் சொல்லலாம். உடை வடிவமைப்பில் யார் பரிந்துரை பெற வேண்டும் என்று சொல்ல முடியாது. இறுதிச் சுற்றில் இந்த வேலி இல்லை. அங்கே எல்லாரும் எல்லாவற்றுக்கும் வாக்களிக்கலாம். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கிராஃபிக்ஸ் விருது பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

பெரும்பாலான பிரிவுகளில் பரிந்துரையை எண்ணும் முறை நமக்குப் புதிதல்ல. மாநிலங்களவைத் தேர்தலில் நம் எம்.எல்.ஏ.க்கள் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடுகிறார்களே, அதேதான். 234 உறுப்பினர், ஆறு இடங்கள் என்றால் 234-ஐ 7-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டி, 34 வாக்குகள் வேண்டும் என்று நாளிதழ்கள் எழுதும். ஆஸ்கரிலும் ஒரு பிரிவில் 600 வாக்குச்சீட்டுகள் வந்து ஐந்து இடங்கள் இருந்தால், 600-ஐ 6-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டுவார்கள்: 101. முதல் விருப்பத்தில் 101 பேர் யாருக்குக் கிடைக்கிறார்களோ அவருக்கு இடம் உறுதி. யாரும் தொடாவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அந்தச் சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள்.

இதன் விளைவை ஒரு கணம் யோசியுங்கள். 600 சீட்டுகளிலும் நான்காவதாக எழுதப்பட்ட ஒரு படம் முதல் எண்ணிக்கையிலேயே வெளியே போய்விடும். 499 பேர் பெயரைக்கூட எழுதாத படத்தை 101 பேர் உயிராய் நினைத்து முதலிடத்தில் எழுதினால் அது உள்ளே வந்துவிடும். எல்லாருக்கும் ஓரளவு பிடித்த படத்துக்கு இந்த முறையில் இடமில்லை. சிலர் உச்சியில் வைத்துக் கொண்டாடும் படத்துக்கே இடம். சூப்பர்ஹீரோ படங்கள் பெரும்பாலும் முதல் வகை.

2008-ஆம் ஆண்டுப் படங்களுக்கு வாக்களிக்கத் தகுதி பெற்றவர்கள் சுமார் 5,800 பேர். எல்லாரும் வாக்களித்ததாக வைத்துக்கொண்டால், ஐந்து இடங்களுக்கு எல்லைக்கோடு 967 வாக்குகள். பத்து இடங்கள் இருந்திருந்தால் 528 போதும். 'தி டார்க் நைட்' ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, கலை இயக்கம், ஒப்பனை, இரண்டு ஒலிப் பிரிவுகள், கிராஃபிக்ஸ், துணை நடிகர் என்று எட்டுப் பிரிவுகளில் தொழில்காரர்களின் ஆதரவைப் பெற்ற படம். அதற்கு 528 முதல் விருப்பங்கள் கிடைத்திருக்காது என்று நம்புவது கடினம். 2009 ஜூனில் அகாடமி சிறந்த படத்துக்கான இடங்களைப் பத்தாக்கியதற்கு இந்த விடுபடல் ஒரு முக்கியக் காரணம் என்றே திரைத்துறையில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். பிறகு 2011-இல் ஐந்திலிருந்து பத்துக்குள் எத்தனையும் ஆகலாம், ஆனால் முதல் விருப்பத்தில் 5 சதவீதமாவது வேண்டும் என்று மாற்றினார்கள். 2021-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து மறுபடியும் பத்து என்று நிலைத்துவிட்டது.

கதவை அகலமாக்கியும் உள்ளே நுழைய ஒரு சூப்பர்ஹீரோ படத்துக்கு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. 2019 ஜனவரியில் 'பிளாக் பேந்தர்' வந்தது. மறு ஆண்டே 'ஜோக்கர்'. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது தகுதி என்பது புலப்படும்.

'தி டார்க் நைட்' படத்தின் உண்மையான சாதனை ஒலியில் இருக்கிறது. பேட்மேனின் இரு சக்கர வண்டி பாயும் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எஞ்சினின் சுருதி ஏறிக்கொண்டே போகும். கியர் மாறும் இடமே வராது. ஆனால் காது பொறுக்காத உச்சத்துக்கும் அது போகாது. ஒரே சுரத்தைப் பல ஸ்தாயிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே இருப்பது மெல்ல மங்கும்போது கீழிருந்து புதியது நுழையும்படி செய்தால், முடிவில்லாமல் ஏறிக்கொண்டே இருக்கும் மயக்கம் காதுக்கு உண்டாகும். ஷெப்பர்ட் தொனி என்பார்கள். ஆய்வுக்கூட வேடிக்கையாக இருந்ததை ஒரு வண்டியின் உறுமலாக்கியது ரிச்சர்ட் கிங்கின் வேலை. அப்போது ஒலிக்கு இரண்டு விருதுகள் இருந்தன: ஒலிகளை உருவாக்கித் தொகுப்பதற்கு ஒன்று, அவற்றை வசனத்தோடும் இசையோடும் கலந்து சமன் செய்வதற்கு ஒன்று. உருவாக்கியதற்கு 'தி டார்க் நைட்', கலந்ததற்கு 'ஸ்லம்டாக்' என்று அன்று பிரிந்தது சரியான தீர்ப்பு. 'தி டார்க் நைட்' கலவையில் சில இடங்களில் இசை வசனத்தை விழுங்குகிறது. 2021 விழாவிலிருந்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். இன்று இப்படி ஒரு நுட்பமான தீர்ப்பு வர வழியில்லை என்பது வருத்தம்தான்.

படத்தொகுப்பில் அது 'ஸ்லம்டாக்'கிடம் தோற்றதும் நியாயமே. சுரங்கச் சாலைத் துரத்தலில் எந்த வண்டி எந்தப் பக்கம் போகிறது என்பது அடிக்கடி குழம்புகிறது.

லெட்ஜருக்கு இறந்துபோன அனுதாபத்தில் கொடுத்தார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. விசாரணை அறைக் காட்சியை மட்டும் திரும்பப் பார்க்கலாம். ஒரு மேஜை, இரண்டு பேர். பேட்மேன் அடிக்க அடிக்க ஜோக்கரின் குரல் தாழ்வதில்லை. அடிக்குப் பிறகுதான் அவன் இளக்காரமாகச் சிரிக்கிறான். உதட்டோரத் தழும்பை நாக்கால் துழாவிக்கொண்டே அடுத்த வாக்கியத்துக்குப் போகிறான். மிரட்டுபவன் யார், மிரள்பவன் யார் என்பது அரை நிமிடத்தில் தலைகீழாகிறது. முகமூடியும் கிராஃபிக்ஸும் செய்யாத வேலை அது, முழுக்க நடிகனுடையது. அதே ஆண்டில் 'அயர்ன் மேன்' நாயகன் ராபர்ட் டௌனி ஜூனியரும் இதே துணை நடிகர் பிரிவில் போட்டியில் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் 'அயர்ன் மேன்' படத்துக்காக அல்ல, 'ட்ராபிக் தண்டர்' என்ற நகைச்சுவைப் படத்துக்காக. நடிகர் பிரிவு சூப்பர்ஹீரோ உடைக்குள் இருக்கும் நடிப்பை எவ்வளவு அரிதாகப் பார்க்கிறது என்பதற்கு இது நல்ல அடையாளம். மார்வெல் ஸ்டுடியோஸ் படம் ஒன்றுக்கு முதல் நடிப்புப் பரிந்துரை கிடைத்தது 2023-இல்தான், 'வகாண்டா ஃபாரெவர்' படத்தில் அரசியாக வந்த ஆஞ்சலா பாஸட்டுக்கு.

'பிளாக் பேந்தர்' ஏழு பரிந்துரை, மூன்று விருது. உடைக்கு ரூத் கார்ட்டர், கலை இயக்கத்துக்கு ஹன்னா பீச்லரும் ஜே ஹார்ட்டும், இசைக்கு லுட்விக் யோரான்சன். உடையிலும் கலை இயக்கத்திலும் கறுப்பினத்தவர் ஒருவர் ஆஸ்கர் வாங்கியது அதுவே முதல் முறை. ஆனால் அந்தப் பெருமைக்காகக் கொடுத்த விருதுகள் அல்ல அவை. பீச்லர் படப்பிடிப்புக்கு முன் வகாண்டாவைப் பற்றி ஏறத்தாழ 500 பக்கத்துக்கு ஒரு கையேடு தயாரித்தார். இல்லாத ஒரு நாட்டின் ஊர்கள், கட்டடங்கள், மக்கள் எல்லாம் அதில் அடக்கம். அரசியின் மகுடம் சூலு இனத்தில் மணமான பெண்கள் அணியும் அகன்ற தொப்பியின் வடிவம். அதை முப்பரிமாண அச்சில் வார்த்தார்கள். எல்லைக் காவலர் போர்த்தியிருப்பது லெசோத்தோ மக்களின் கம்பளி. பேந்தர் உடையின் மேற்பரப்பு முழுக்க நுண்ணிய முக்கோணப் புடைப்புகள், ஆப்பிரிக்கக் கைவினைகளில் திரும்பத் திரும்ப வரும் வடிவம். திரையில் ஒரு நொடி வந்துபோகும் துணியிலும் யாருடைய ஊர், என்ன குலம் என்பது எழுதியிருக்கிறது. உடை வடிவமைப்பாளர் ஒருவர் இன்னொரு உடை வடிவமைப்பாளரின் வேலையில் தேடுவது இதைத்தான்.

இசையில் யோரான்சன் செய்தது நமக்கு இன்னும் நெருக்கமாகப் புரியும். அவர் செனகல் போய் பாடகர் பாபா மாலோடு ஊர் ஊராகச் சுற்றி, அங்கிருந்து பேசும் மேளத்தைக் கொண்டுவந்தார். இடை சிறுத்த மேளம். அக்குளில் இடுக்கி, இரண்டு தோல்களையும் இழுத்துக் கட்டிய நரம்புகளை அழுத்தினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். உடுக்கையின் நடுக்கயிற்றை அழுத்தும்போது வரும் அதே விம்மல். நாயகன் திரையில் வரும்போதெல்லாம் அந்த மேளம் அவன் பெயரின் மூன்று அசைகளை வாசிக்கிறது. எதிரிக்கு ஃபுலா மக்களின் புல்லாங்குழல். வாசிப்பவர் குழலுக்குள் மூச்சோடு சேர்த்துக் கத்துவதும் கேட்கும். பின்னணி இசையே பாத்திரத்தை அழைக்கிறது, பாத்திரத்தோடு சண்டையும் போடுகிறது.

அதே படத்துக்குக் கிராஃபிக்ஸ் பரிந்துரை கிடைக்கவில்லை. கிடைக்காததும் சரி. ரயில் தடத்தில் நடக்கும் இறுதிச் சண்டையில் இரண்டு உருவங்களுக்கும் எடை இல்லை. மோதும்போது உடல் அதிர்வதில்லை, ரப்பர் பொம்மைகள் துள்ளுவது போலிருக்கிறது. உடைக்கு விருது, கிராஃபிக்ஸுக்குப் பரிந்துரைகூட இல்லை என்ற இந்த ஒரே படத்தின் இரண்டு முடிவுகளே பிரிவு முறை ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்குச் சான்று. அதற்கு இரண்டாண்டு முன்பு 'சூசைட் ஸ்க்வாட்' ஒப்பனை விருது வாங்கியதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். விமர்சகர்களிடம் படம் தோல்வி, முதலைத் தோல் மனிதனின் ஒப்பனை தோல்வி அல்ல.

2018 ஆகஸ்டில், 'பிளாக் பேந்தர்' பேச்சு உச்சத்தில் இருந்தபோது, மக்கள் விரும்பும் படத்துக்கென்று தனி விருது ஒன்றை அகாடமி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பவே அடுத்த மாதமே தள்ளிவைத்தது. நல்லதாயிற்று. விருந்துக்கு அழைத்துவிட்டுத் தனிப்பந்தி போடுவது மரியாதை அல்ல.

'ஜோக்கர்' கதை வேறு. 11 பரிந்துரைகள், அந்த ஆண்டில் எந்தப் படத்தையும்விட அதிகம். வென்றது இரண்டு: வாக்கீன் ஃபீனிக்ஸின் நடிப்பு, ஹில்டுர் குட்னடோட்டிரின் இசை. இசைக்கான விருதில் யாருக்கும் மறுபேச்சு இருக்க முடியாது. திரைக்கதையைப் படித்துவிட்டு, படப்பிடிப்புக்கு முன்பே செல்லோவில் அவர் பகுதிகளை எழுதி அனுப்பினார். இயக்குநர் அவற்றைப் படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலிக்கவிட்டார். கழிவறையில் நாயகன் மெல்ல ஆடத் தொடங்கும் காட்சி, அந்த செல்லோவைக் கேட்டு ஃபீனிக்ஸ் அங்கேயே உருவாக்கிய அசைவு. காட்சிக்கு இசை போடுவது வழக்கம். இங்கே இசையிலிருந்து காட்சி பிறந்தது.

ஆனால் இயக்கத்துக்கும் தழுவல் திரைக்கதைக்கும் கிடைத்த பரிந்துரைகள் மிகை. தனிமையில் வெதும்பும் நகர மனிதன், தொலைக்காட்சி நகைச்சுவையாளன் மீதான வெறி என்று அதன் எலும்புக்கூடு 1976-இலும் 1982-இலும் ஸ்கார்செஸி எடுத்த இரண்டு படங்களிலிருந்து வந்தது என்பது இரண்டையும் பார்த்தவருக்குத் தெரியும். பறக்கும் மனிதர் இல்லை, கவசம் இல்லை, நகரம் அழிவதும் இல்லை. சூப்பர்ஹீரோ படம் போல் தோன்றாததால்தான் வாக்காளர்கள் தயங்காமல் பெயர் எழுதினார்கள் என்பது என் கணிப்பு. 'லோகன்' அப்படி மறைந்துகொள்ளவில்லை. நகம் நீட்டும் நாயகனை முதுமையில் நிறுத்தி, மறதி நோயில் கிடக்கும் ஆசானைத் தூக்கிச் சுமக்க வைத்து, கதையை அங்கேயே முடித்தும் வைத்தது. 2018 விழாவில் தழுவல் திரைக்கதைக்குப் பரிந்துரை பெற்றது. நடிகர்களை வைத்து எடுத்த சூப்பர்ஹீரோ படங்களில் எழுத்துக்கு அந்த மரியாதை கிடைத்தது அதுவே முதல் முறை. சிறந்த படத்துக்கும் அது தகும். 'ஜோக்கர்' படத்தைவிடக் கூடுதலாகவே தகும்.

திரைக்கதையில் மற்ற படங்கள் வழுக்குவது ஏன் என்பதற்கும் 'லோகன்'தான் விளக்கம். 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' மார்வெல் தொடரின் 19-ஆவது படம், அதுவும் பாதிக் கதையில் முடிவது. முந்தைய 18 படங்களைப் பார்க்காத எழுத்தாளர் ஒருவர் அதன் திரைக்கதையை எப்படி எடை போடுவார்? தொடர்கதையின் ஒரு அத்தியாயத்துக்குச் சிறுகதைப் பரிசு கேட்பது போலாகும். இசைக்கும் இதே சிக்கல் உண்டு. தொடர் படங்களின் இசையில் 80 சதவீதம் புதிதாக இருக்க வேண்டும் என்று 2020-இல் விதி வந்தது. ரசிகர்கள் சிலிர்க்கும் பழைய முகப்பிசையை அள்ளிப் பயன்படுத்திய படம் பரிசீலனைக்கே வராது.

இனி கிராஃபிக்ஸ். ரசிகர்களின் மனக்குறை அதிகம் இருப்பது இங்கேதான். மார்வெல் ஸ்டுடியோஸ் 2008-இலிருந்து பத்துக்கும் மேற்பட்ட முறை பரிந்துரை பெற்றும் ஒருமுறைகூட வெல்லவில்லை. சூப்பர்ஹீரோ படங்களில் இந்தப் பிரிவில் போட்டியிட்டு வென்றது 2004-இன் 'ஸ்பைடர் மேன் 2' மட்டுமே. 1978-இன் 'சூப்பர்மேன்' படத்துக்குக் கிடைத்தது சிறப்பு விருது.

தொழில்காரர்கள் அவர்களைப் புறக்கணிக்கவில்லை. இந்தப் பிரிவில் முதலில் 20 படங்கள் கொண்ட பட்டியல், அது பத்தாகச் சுருங்கும். பிறகு பத்துக் குழுக்களும் தங்கள் காட்சித் தொகுப்பைப் பிரிவு உறுப்பினர்கள் முன் போட்டுக் காட்டிக் கேள்விக்குப் பதில் சொல்ல, ஐந்து தேர்வாகும். மார்வெல் அங்கே பலமுறை தேறியிருக்கிறது. தோற்பது எல்லாரும் வாக்களிக்கும் இறுதிச் சுற்றில். உடை, இசைப் பிரிவு ஆட்களுக்குக் கணினி வேலையின் நுட்பம் தெரியாது. சிறந்த படப் பட்டியலில் இருப்பதால் தாங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்ட படத்துக்குப் போடுகிறார்கள். 'அயர்ன் மேன்' தோற்றது 'பெஞ்சமின் பட்டன்' படத்திடம், 'அயர்ன் மேன் 2' 'இன்செப்ஷன்' படத்திடம், முதல் 'அவெஞ்சர்ஸ்' 'லைஃப் ஆஃப் பை' படத்திடம், 'எண்ட்கேம்' '1917' படத்திடம். வென்ற நான்கும் சிறந்த படப் பட்டியலில் இருந்தவை.

ஆனாலும் குறை முழுக்க வாக்காளரிடம் இல்லை. 'எண்ட்கேம்' படத்தில் கணினி கைவைத்த ஷாட்கள் ஏறத்தாழ 2,500. இவ்வளவு வேலையைப் பல நிறுவனங்களுக்குப் பிரித்துத்தான் கொடுக்க முடியும். வெளியீட்டுத் தேதி கதைக்கு முன்பே குறிக்கப்பட்டுவிடும்; கடைசி மாதங்களில் காட்சி மாறினால் வெளிச்சமும் நிழலும் பொருந்தாமல் போகும். அந்தப் படத்தில் நாயகர்கள் அணியும் வெள்ளைப் பயண உடை தைக்கப்பட்டதே அல்ல, முழுவதும் கணினியில் பின்னர் போர்த்தியது. அப்படிச் செய்தால் உடை வடிவமைப்பாளர் மதிப்பிடத் துணி இல்லை, ஒளிப்பதிவாளர் மதிப்பிட அந்தத் துணியில் விழுந்த வெளிச்சம் இல்லை. ஒரு பிரிவின் வேலையைக் கணினி விழுங்கும்போது அந்தப் பிரிவின் பரிந்துரையும் போய்விடுகிறது. 2024-இல் 'கார்டியன்ஸ்' மூன்றாம் பாகத்தைத் தோற்கடித்த ஜப்பானிய 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' அதன் செலவில் ஒரு சிறு பங்கில் எடுக்கப்பட்டது. எந்த ஷாட்டில் கடல் நீர் எவ்வளவு கனமாக எழ வேண்டும் என்பதை இயக்குநரே கிராஃபிக்ஸ் மேற்பார்வையாளராகவும் இருந்து முடிவு செய்தார்.

இரண்டு விதிகள் இனி இந்தக் கணக்கை மாற்றக்கூடும். 2025 ஏப்ரலில் அறிவித்தபடி, ஒரு பிரிவின் இறுதிச் சுற்றில் வாக்களிக்க வேண்டுமானால் அதில் உள்ள எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும். பார்த்த படத்துக்கே போடும் பழக்கம் இதனால் கொஞ்சம் தளரும். மற்றொன்று, 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்து ஸ்டண்ட் வடிவமைப்புக்கு ஆஸ்கர் உண்டு. முதல் விருது 2028 விழாவில். கூரையிலிருந்து குதித்ததும், தீயில் எரிந்ததும், கயிற்றில் தொங்கியதும் இத்தனை ஆண்டுகளாக எந்தப் பிரிவிலும் அடங்காமல் இருந்தது. 'தி டார்க் நைட்' படத்தில் சிகாகோவின் லாசால் தெருவில் நெட்டுக்குத்தாக எழுந்து தலைகீழாக விழும் 18 சக்கர லாரி கணினியில் வரைந்தது அல்ல. கீழே பிஸ்டன் பொருத்தி உண்மையாகவே கவிழ்த்தார்கள். பிஸ்டனை வடிவமைத்த கிறிஸ் கார்போல்டின் பெயர் கிராஃபிக்ஸ் பரிந்துரையில் இருந்தது. லாரியை ஓட்டிக்கொண்டு வந்து அதோடு சேர்ந்து கவிழ்ந்த ஸ்டண்ட் கலைஞரின் பெயரை எழுத அன்று ஆஸ்கர் வாக்குச்சீட்டில் ஒரு கட்டம்கூட இல்லை.